அக்கா கலக்காமல் பேசினால்

அந்த சிஸ்டர் சுத்தமான தமிழில் பேச ஆரம்பித்தால் எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கை கால் உதறும். சொன்னால் சிரிப்பீர்கள். சுத்தத் தமிழைக் கேட்டு யாராவது பயப்படுவார்களா என்பீர்கள். திருவொற்றியூர்ப் பக்கம் கடலைப் பார்த்தபடி இருந்த அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வேலை செய்திருந்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள்.

நான் அங்கே நர்ஸாகப் போனபோது சுதந்திரம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தஞ்சாவூர்க்காரி நான். அப்பா தமிழ் வாத்தியார். வீட்டில் "வாழப்பழம்" என்று சொன்னால் சோறு கிடையாது, "வாழைப்பழம்" என்று சொன்ன பிறகுதான் தட்டு வரும். அப்படி வளர்ந்தவளைக் கொண்டுபோய் "இன்னா கீது, வலிச்சிகினு கீதா" என்று கேட்கிற ஊரில் விட்டால் எப்படி இருக்கும்? முதல் வாரம் முழுக்கக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அதிலும் அக்காவின் பேச்சு இருக்கிறதே, அது தனி ரகம்.

அக்கா என்று நான்தான் கூப்பிட்டேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். வார்டில் தமிழ்ப் பெண்கள் அவளைத் "தெலுங்கு சிஸ்டர்" என்பார்கள். தெலுங்குப் பெண்களோ "அரவ சிஸ்டரம்மா" என்பார்கள். அரவம் என்றால் அவர்கள் பாஷையில் தமிழ். இரண்டு பக்கமும் அவளை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்ட கதைதான். அவள் அதைக் கண்டுகொண்டதே இல்லை. இரண்டு பேருக்கும் "ஏம்மா" என்று திரும்பிப் பார்ப்பாள்.

அவளுடைய முன்னோர் எப்போதோ நெல்லூர்ப் பக்கமிருந்து உப்பளத்து வேலைக்கு வந்தவர்கள். அவள் பிறந்தது தண்டையார்பேட்டை. எண்ணூரைத் தாண்டி வடக்கே ஒரு நாளும் போனதில்லை. புருஷன் ரங்கூனுக்குப் போனவர், யுத்தத்துக்கு அப்புறம் தகவலே இல்லை. அதற்குப் பிறகு நர்ஸ் வேலைக்குப் படித்தாள். இவ்வளவுதான் எனக்கு முதலில் தெரிந்தது.

பேச்சு எப்படி என்றால், இப்படி.

"இன்னாம்மா, எதுக்கு இந்த ஏடுப்பு? ஊப்பிரிய நல்லா இழுத்து வுடு. பெயினு வந்தா அப்போ முக்கு. பிட்டாவோட ஹெட்டு கீழ வந்துகினு கீது."

ஏடுப்பு என்றால் அழுகை, ஊப்பிரி என்றால் மூச்சு, பிட்டா என்றால் குழந்தை. என் அப்பா கேட்டிருந்தால் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பார். எனக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் நாளாக ஆக ஒன்றைக் கவனித்தேன். அவள் கண்டபடி கலக்கவில்லை. தமிழ்ப் பெண்ணிடம் பேசினால் பெயர்ச்சொல் எந்த நாட்டிலிருந்து வேண்டுமானாலும் வரும், ஆனால் அதன் வாலில் ஒட்டுகிற உருபும், வாக்கியத்தைக் கட்டுகிற வினையும் தமிழாகத்தான் இருக்கும். "வேடி நீளுல துடைச்சி ப்ளாங்கெட்டுல சுத்து" என்பாள். வேடி நீளு என்றால் வெந்நீர். சாமான் எந்தக் கப்பலில் வந்தாலும் ஹார்பரில் இறங்கியதும் நம்ம ஊர்க் கட்டை வண்டியில்தானே ஏற வேண்டும், அந்த மாதிரி. தெலுங்குப் பெண் என்றால் வண்டியே மாறிவிடும். "வலி ஒஸ்தே செப்பு, பயபடொத்து" என்பாள். வலி நம்முடையது, வந்தால் சொல்லு, பயப்படாதே என்பது அவர்களுடையது. துலுக்க வீட்டுப் பெண்களிடம் "தர்து ஜாஸ்தியா கீதா பீவி?" என்று கேட்பாள், தர்து அவர்கள் வலி. கட்டிலுக்கு அருகில் போகும்போதே முகத்தைப் பார்த்து, வாக்கியத்தின் முடிவு எந்தப் பாஷை என்று தீர்மானித்துவிடுவாள். நடுவில் என்ன வந்து விழுகிறது என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

பார்க்கச் சுலபமாகத்தானே இருக்கிறது என்று நானும் ஒரு நாள் முயன்றேன். ஒரு தெலுங்கு அம்மாளிடம் டம்ளரை நீட்டி, மரியாதையாக, "நீளு தாகுங்க" என்றேன். தாகு என்றால் குடி. அதில் நம்ம ஊர் "ங்க"வை ஒட்டினேன், அவ்வளவுதான். வார்டே சிரித்தது. பிரசவ வலியில் இருந்த ஒருத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏ தஞ்சாவூரு," என்றாள் அக்கா. என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "வண்டிய கொண்டாந்து நடு பாலத்துல நிறுத்தினா எப்டி? ஒண்ணு இந்தாண்ட எறங்கு, இல்ல அந்தாண்ட எறங்கு."

நான் முறைத்துக்கொண்டு போனேன். ஆனால் அவள் சொன்னது சரி. அவள் எங்கே வேண்டுமானாலும் தாவுவாள். ஒரு வினைச்சொல்லை மட்டும் இரண்டாக உடைத்து, பாதியை அங்கேயும் பாதியை இங்கேயும் வைக்கமாட்டாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்டால் அவளுக்கே தெரியாது.

அப்படிப்பட்டவள் கலக்காமல் பேசுகிற ஒரே ஒரு சமயம் உண்டு. குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்து தங்காவிட்டாலோ, தாய் போய்விட்டாலோ, அந்தச் சேதியை அக்காதான் சொல்வாள். டாக்டரம்மாவே அவளிடம் விட்டுவிடுவார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வருவாள், பக்கத்தில் உட்காருவாள், கேட்கிறவர்களின் பாஷையில், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, வேறு பாஷையின் ஒரு சொல் விழாமல் சொல்வாள். தமிழ்ப் பெண்ணுக்கு முழுத் தமிழ். தெலுங்குப் பெண்ணுக்கு முழுத் தெலுங்கு. உருதுவில்கூட அந்தச் சேதியைச் சொல்கிற அளவுக்கு ஒரு மௌலவி வீட்டு அம்மாளிடம் கேட்டுப் படித்து வைத்திருந்தாள். "உன் குழந்தை இறந்துவிட்டது, தாயே. பெண் குழந்தை. உன் மேல் தவறு இல்லை." நான் நேரில் கேட்ட அந்த வாக்கியங்கள் இப்போதும் என் காதில் இருக்கின்றன.

இது அக்கம்பக்கத்துக் குப்பங்களுக்கெல்லாம் தெரிந்துபோய்விட்டது. சிஸ்டர் கலந்து பேசினால் நல்ல சேதி. கலக்காமல் பேசினால் தலையில் இடி. யாரும் உட்கார்ந்து பேசி வைத்த சட்டம் இல்லை, தானாக வந்தது.

இந்த நிலையில்தான் ஆந்திரா தனியாகப் பிரிந்தது. சர்க்கார் வேலையில் இருந்தவர்களில் தெலுங்குக்காரர்கள் அங்கே, மற்றவர்கள் இங்கே என்று பிரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அக்கா ஒருத்திதான் மாட்டினாள். சர்வீஸ் புஸ்தகத்தில் தாய்மொழி தெலுங்கு. "நான் இங்கியே இருந்துக்கறேன்" என்று எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். யாரை வைப்பது, யாரை அனுப்புவது என்று நேரில் கூப்பிட்டு விசாரிக்கப் போவதாகச் சேதி வந்தது.

அக்கா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. எந்த விஷயத்துக்கும் அசையாதவள், மத்தியானம் முழுக்க ஆந்திராவின் புதுத் தலைநகர் கர்நூல் எங்கே இருக்கிறது, எத்தனை தூரம் என்று எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீ ஒண்ணும் கவலைப்படாதே. அந்த ஆபீஸர் முன்னாடி போய் நின்னு சுத்தமான தமிழ்ல பேசு. இவ தமிழச்சிதான்னு அவனே எழுதிடுவான். நான் சொல்லித் தர்றேன்" என்றேன். வாத்தியார் மகள் இல்லையா, கை அரித்தது.

மறுநாளே பாடம் ஆரம்பித்துவிட்டது. "கீது இல்லை, இருக்கிறது. வந்துகினு இல்லை, வந்துகொண்டு. பெயின் இல்லை, வலி." அவள் நல்ல பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்வாள். ஆனால் சுத்தமாகப் பேச வேண்டும் என்றால் வாயே திறக்காது. ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் பார்த்து வைப்பதற்குள் எதிரில் இருப்பவள் கொட்டாவி விடுவாள். பழக்கம் வர வேண்டும் என்பதற்காக வார்டிலும் அப்படியே பேசச் சொன்னேன். அங்கேதான் வினை வந்தது.

குப்பத்திலிருந்து தலைச்சன் பிரசவத்துக்கு வந்த பெண் ஒருத்தி. நல்லபடியாக ஆண் குழந்தை பிறந்தது. வராந்தாவில் மாமியார்க்காரியும் இன்னும் நாலு பெண்களும் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அக்கா வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன், மாணவி ஒப்பிப்பதைக் கேட்க.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "அம்மா, உங்கள் மருமகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் நலமாக இருக்கிறார்கள்."

மாமியார் வாயில் இருந்த வெற்றிலை அப்படியே நின்றது. ஒரு நிமிஷம் அக்காவின் முகத்தையே பார்த்தாள். பிறகு மார்பில் ஓங்கி ஒரு அடி.

"ஐயோ! எங்குலமே போச்சே! அடியே, சிஸ்டரு தமிழா பேசுதுடி! எம் மருமவளுக்கு இன்னா ஆச்சி? எதுவா இருந்தாலும் சொல்லிடு தாயீ!"

நாலு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டது. அக்கா, "இல்லை அம்மா, நான் கூறுவது என்னவென்றால்" என்று இன்னும் சுத்தமாக விளக்கப் போக, அழுகை இரண்டு மடங்கானது. படகைக் கரையில் போட்டுவிட்டுப் புருஷன்காரன் ஈர வேட்டியோடு ஓடி வந்து தூணில் முட்டிக்கொண்டான். உள்ளே இருந்த பிள்ளை பெற்றவள், வெளியே கேட்ட ஒப்பாரியில் தன் குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கத்த ஆரம்பித்தாள். குழந்தையோ அவள் கையிலேயே இருந்தது.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கையை உதறினாள்.

"அட, பேஜாரு பண்ணாத பெத்தம்மா! அப்பாயி பாகா கீறான்! வெயிட்டு ஏழு ராத்தலு! உம் மருமவ ஃபஸ்ட்கிளாஸா கீறா! போ, போயி வேடி நீளு எத்துகினு வா!"

சட்டென்று எல்லாம் அடங்கியது. மாமியார் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "அப்டி சொல்லு. அத வுட்டுட்டு இன்னாத்துக்கு வயித்துல புளிய கரைக்கறே?" என்று அக்காவைத் திட்டிவிட்டு, வெற்றிலையை மறுபடி மெல்ல ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தபோது நான் அவளிடம் சண்டைக்குப் போனேன். "இதெல்லாம் நீ பழக்கி வச்சதுதானே? நல்லதை எப்படி வேணுமானாலும் சொல்றே, கெட்டதை மட்டும் எதுக்கு அப்படிச் சொல்லணும்?"

அக்கா துணியைக் கீழே வைத்தாள். என்னிடம் அதுவரை அவள் சுத்தத் தமிழில் பேசியதில்லை, பாடம் ஒப்பித்ததைத் தவிர.

"எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நாள்தான் இருந்தது. அது இறந்தபோது அந்த மருத்துவமனையில் ஒரு தாதி வந்து, 'எக்ஸ்பயர் ஆயிடுச்சிம்மா' என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. ஏதோ வைத்தியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆகிவிட்டதா, அப்படியானால் பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டேன். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டும்வரைக்கும் எனக்குத் தெரியாது."

மூலக்கொத்தளம் இடுகாட்டில் சுவரோரமாகப் புதைத்ததாகச் சொன்னாள். லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கே போகிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கர்நூல் எத்தனை தூரம் என்று ஏன் கேட்டாள் என்பதும்.

விசாரணைக்குக் கோட்டைப் பக்கம் ஒரு ஆபீஸுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு நானும் பஸ்ஸில் போனேன். வழி முழுக்க அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில். நடுவில் பாதிக் கதவுதான், பேசுவதெல்லாம் கேட்டது.

ஆபீஸர் வயசானவர், நல்ல மனுஷர் என்பது குரலிலேயே தெரிந்தது. தமிழில்தான் கேட்டார். எங்கே பிறந்தீர்கள், எங்கே படித்தீர்கள், எத்தனை வருஷம் வேலை. அக்கா சொன்னாளே பதில்! "நான் பிறந்தது தண்டையார்பேட்டையில். வளர்ந்ததும் அங்கேதான்." ஒரு கீது இல்லை, ஒரு கினு இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா கேட்டிருந்தால் இரண்டு தட்டு சோறு போட்டிருப்பார்.

எல்லாம் முடிந்துவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம்கூடக் கேட்டது. அப்போது அவர் சாதாரணமாக, விசாரணை என்றே இல்லாமல், வீட்டுக்கு வந்தவரைக் கேட்பது போலத் தன் பாஷையான தெலுங்கில் கேட்டார்.

"பிள்ளலு உன்னாராம்மா?"

பிள்ளைகள் இருக்கிறார்களா என்று. நான் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டேன். தமிழில் சொல்லு, தமிழில் சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன்.

பிறகு அக்காவின் குரல் வந்தது. நான் வார்டில் கேட்ட அதே குரல்.

"ஒக்க ஆட பிட்ட புட்டிந்தண்டி. கொன்னி ரோஜுலே பிரதிகிந்தி. சனிபோயிந்தி. மூலக்கொத்தளம்லோ பூட்சி பெட்டாமு."

ஒரு பெண் பிறந்தது, கொஞ்ச நாள்தான் இருந்தது, இறந்துவிட்டது, மூலக்கொத்தளத்தில் புதைத்தோம். முதலிலிருந்து கடைசிவரை தெலுங்கு. ஒரு சொல் பிசகவில்லை.

அந்த ஆபீஸர் மூக்கை உறிஞ்சினார். "எவ்வளவு நல்ல தெலுங்கம்மா உங்களுக்கு" என்று அவர் பாஷையில் சொன்னார். அப்புறம் இன்னும் மெதுவாகக் கேட்டார். "இக்கட மீக்கு இங்கா எவரு உன்னாரம்மா?"

இங்கே இனி உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நாற்காலி மறுபடி நகர்ந்தது.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏன்க்கா, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தமிழ்ல சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? எல்லாத்தையும் கெடுத்தியே!"

"அவுரு தெலுங்குல கேட்டாரு," என்றாள். "செத்ததை கேட்டவங்க பாஷையிலதான் சொல்லணும். வேற எப்டி சொல்றது?"

அந்த மனுஷரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. தனியாக ஒரு பெண் வேற்று ஊரில் கிடந்து கஷ்டப்பட வேண்டாம், நம் ஜனங்களோடு போய் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். மாசக் கடைசியில் உத்தரவு வந்துவிட்டது. கர்நூல்.

உத்தரவு வந்த நாளிலிருந்து வார்டில் யாருக்கும் முகமே சரியில்லை. அந்தக் குப்பத்து மாமியார் ஒரு கூடை சுறா மீனைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் வைத்துவிட்டு, "எவன் சொன்னான் நீ போவணும்னு? அவனை இட்டா, நான் கேக்கறேன்" என்று கத்தினாள். அக்கா சிரித்து, "ஆர்டரு போட்டுட்டாங்க பெத்தம்மா, இன்னா பண்றது" என்று மட்டும் சொன்னாள்.

சென்ட்ரலில் ரயிலேற்றிவிட நான் போயிருந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி புறப்பட மணி அடித்ததும் சொன்னாள்.

"நேத்து மூலக்கொத்தளம் போனேன். ரொம்ப நேரம் உக்காந்துகினு இருந்தேன். ஊரை வுட்டு போறேன்னு சொல்லணுமில்ல? எந்த பாஷைல சொல்றதுன்னு தெரியல, தஞ்சாவூரு. அதுக்கு ஒரு பாஷையும் வரலையே, அதுக்குள்ள போயிடுச்சே. சொல்லாமயே எய்ந்து வந்துட்டேன். நீ போயி சொல்லிடு."

எத்தனை தாய்மாருக்குச் சொன்னவள்! தன் பிள்ளைக்குச் சொல்ல முடியாமல் வந்துவிட்டாள். நான் தலையை ஆட்டினேன். வண்டி நகர்ந்துவிட்டது. நடைமேடையில் நின்று அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பாலும் ஒரு முழம் கதம்பமும் வாங்கிக்கொண்டு போனேன். அவள் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்துச் சுவரோரம் இடத்தைக் கண்டுபிடித்தேன். மண் மேடுகூட இல்லை, கரைந்து தரையோடு தரையாகப் போயிருந்தது. அவள் வைத்த பழைய பூ மட்டும் காய்ந்து கிடந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து, நல்ல தமிழில் ஒரு வாக்கியம் கட்டி வைத்திருந்தேன். உன் அம்மா இந்த ஊரைவிட்டுப் போய்விட்டாள், இனி வரமாட்டாள்.

பாலை ஊற்றினேன். அந்த இடத்தைப் பார்த்ததும் வாத்தியார் மகளுக்கு வாக்கியம் வரவில்லை.

"கண்ணு, உங்கம்மா டூட்டிக்குப் போயிருக்கா. வந்துடுவா" என்றேன்.

அதற்கப்புறம் கால் நடக்கிற மட்டும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இதுவரை அதையேதான் சொல்லிவிட்டு வருகிறேன்.